சாவியைத் திருப்பியும் பைக்கில் மின்சாரமே வரவில்லையா?

சாவியைத் திருப்பிய பிறகும் மீட்டர் விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் என எதுவுமே இயங்காவிட்டால், கோளாறு பெரும்பாலும் பேட்டரிக்கும் இக்னிஷன் சுவிட்சுக்கும் இடைப்பட்ட பாதையில்தான் இருக்கும் என்பதால், வண்டி முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதில்லை.

முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். கையால் அசைத்தால் ஆடுகிற முனையும், வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போன முனையும் மின்னோட்டத்தைத் தடுக்கும். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாண்டால், ஸ்பேனர் தவறி வண்டியின் இரும்புச் சட்டத்தில் (ஃபிரேமில்) பட்டாலும் தீப்பொறி பறக்காது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, மல்டிமீட்டரில் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டே மற்றதைச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது மெயின் ஃபியூஸ். பல வண்டிகளில் இது ஸ்டார்ட்டர் ரிலேயை (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சை) ஒட்டியே இருக்கும். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதால், கழற்றி மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (மின்சாரம் அறுபடாமல் கடக்கிறதா என்று) பார்ப்பதே சரி. அதே ஆம்பியர் அளவுள்ள புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பித் துண்டைச் செருகுவது தீயை வலிய அழைப்பதாகும்.

ஃபியூஸும் நலமெனில், மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சாவி ஆனில் இருக்க, சுவிட்சுக்குள் நுழையும் வயரையும் வெளியேறும் வயரையும் சிவப்பு முனையால் தொடுங்கள். உள்ளே வந்த மின்னழுத்தம் வெளியே வராவிட்டால் சுவிட்சே பழுது. ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில், மேலுறை கிழியாமலே உள்ளே செப்புக் கம்பி அறுந்திருப்பதும் உண்டு; ஹேண்டிலை இருபுறமும் திருப்பியபடி அளந்தால் அது பிடிபடும்.