நாற்பது நொடியில் காலி: ஆன்லைன் லான்ச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னைப் பக்கம் சின்னக் கடைகளுக்கு இணையதளம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள், பாரிமுனைப் பொம்மைக் கடைகள், வியாசர்பாடியில் ஃபுட்பால் ஜெர்சி அடித்து விற்கும் பையன்கள் என்று பலதரப்பட்ட ஆட்கள். இப்போது எல்லாருக்கும் 'லிமிடெட் டிராப்' ஆசை வந்துவிட்டது. ஞாயிறு காலை பத்து மணிக்கு நூறு ஜெர்சி, முந்நூறு டைகாஸ்ட் கார் (உலோகத்தில் வார்த்த குட்டி மாடல் கார்) என்று இன்ஸ்டாகிராமில் அறிவிக்கிறார்கள். பத்து மணி அடித்ததும் 'சோல்ட் அவுட்'. பத்தேகாலுக்கு அதே கார் டெலிகிராம் குரூப்பில் மூன்று மடங்கு விலைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எனக்கு போன்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சர்வர் தாங்குமா, பேமென்ட் டெஸ்ட் மோடில் கிடக்கிறதா போன்ற விஷயங்களைத் தொடப் போவதில்லை. அவற்றுக்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது.

முதலில் எதிராளி யார் என்று தெரிய வேண்டும். ஸ்கால்ப்பர் பாட் என்பது உங்கள் தளத்தை நொடிக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருந்து, பொருள் விற்பனைக்கு வந்ததும் தானே கார்ட்டில் போட்டு, பெயர், முகவரி, கார்டு எண் எல்லாம் நிரப்பி வாங்கிவிடும் நிரல். தண்டையார்பேட்டை தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர்கூட முதலில் கியூவில் நிற்க வேண்டியிருந்தது, அவருக்கு இரண்டே கைதான். இந்த நிரலுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. 2020 நவம்பர் 25 அன்று பிளேஸ்டேஷன் 5 என்ற வீடியோ கேம் கருவியின் விற்பனை திறந்தபோது, முதல் 30 நிமிடத்தில் மட்டும் 2 கோடிக்கும் அதிகமான பாட் முயற்சிகளைத் தடுத்ததாக அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனமே சொன்னது. நம் நாட்டில் அதே கருவிக்கு 2021 ஜனவரி 12 அன்று முன்பதிவு திறந்தார்கள். விலை 49,990 ரூபாய். சில நிமிடங்களில் காலி.

'சோல்ட் அவுட்' ஸ்டோரி போட்டுக் கொண்டாடுவது

எத்தனை விற்றது என்று பார்க்காதீர்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பாருங்கள்.

பட்டனை மட்டும் பூட்டுவது

பக்கத்தில் 'விரைவில்' என்று எழுதி, பத்து மணிக்குப் பட்டன் பச்சையாகும்படி வைக்கிறார்கள். அந்த நேரக் கணக்கு பிரவுசரில் மட்டும்தான் ஓடுகிறது. சர்வர் ஒன்பதே முக்காலுக்கு வந்த ஆர்டரையும் வாங்கிக்கொள்கிறது. பாட் பட்டனை அழுத்துவதே இல்லை, நேராக சர்வரிடம் போகிறது. கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை போன்ற தளங்களில் இன்னொரு பொறி உண்டு. பொருளை முகப்பில் காட்டாமல் வைத்தாலும், வெளியிட்ட நிலையில் இருந்தால் யாரும் திறந்து பார்க்கக்கூடிய பொருள் பட்டியல் கோப்பில் அதன் வேரியன்ட் எண்ணோடு (அளவு, நிறம் வாரியாகப் பொருளுக்குத் தளம் தரும் அடையாள எண்) வந்து நிற்கும். அந்த எண் கிடைத்தால் பொருளின் பக்கத்துக்கே போகாமல் கார்ட் இணைப்பைத் தயாரித்துவிடலாம். ஆகவே லான்ச் நேரம் வரை பொருளை வெளியிடாமல் டிராஃப்ட்டிலேயே வையுங்கள். நேரத்தை சர்வர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேப்சாவை நம்புவது

கேப்சா என்பது 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கச் சொல்லும் படப் புதிர். காசு வாங்கிக்கொண்டு அதைத் தீர்த்துக் கொடுக்க ஆட்களை வைத்தே சேவைகள் நடக்கின்றன. திணறப் போவது உங்கள் பெரியப்பா மட்டும்தான்.

'ஒரு ஐபிக்கு ஒரு ஆர்டர்' விதி

ஐபி என்பது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் முகவரி எண். விதி கேட்க நன்றாகத்தான் இருக்கும். மொபைல் டேட்டாவில் வருகிறவர்களுக்குத் தனித்தனிப் பொது ஐபி பெரும்பாலும் கிடையாது. ஒரே முகவரியை நெட்வொர்க் கம்பெனி ஏராளமான பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஜெர்சி டிராப் ஒன்றில் ஒரு தம்பி இந்த விதியைப் போட்டுவிட்டான். வியாசர்பாடியில் ஒரே கிரவுண்டில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்த டீம் பையன்களில் முதலில் அழுத்தியவனுக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கெல்லாம் 'நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்'. பாட் வைத்திருப்பவனுக்கோ ஒரு சிரமமும் இல்லை. ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி என்று வீட்டு இணைப்புகளின் ஐபியையே வாடகைக்கு விற்கிறார்கள். ஆர்டருக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே போவான்.

ஆர்டர் விழுந்த கையோடு பேக் பண்ணுவது

இன்றைக்கும் எனக்குக் கடுப்பேற்றுவது இதுதான். பாட்களைத் தடுக்கப் பெரிய கம்பெனிகள் ஏராளமாகச் செலவழிக்கின்றன. சின்னக் கடைக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் முந்நூறு ஆர்டரையும் ஒரே ஆள் உட்கார்ந்து படித்துவிடலாம் என்ற வசதி சின்னக் கடைக்குத்தான் இருக்கிறது. பாட் ஜெயிப்பது பத்து மணிக்கு. சரக்கு கூரியர் வண்டியில் ஏறுவது மறுநாள் சாயங்காலம். நடுவில் ஒரு முழு ராத்திரி நம் கையில் இருக்கிறது. அதை டேப் ஒட்டுவதில் தொலைக்கிறார்கள்.

பாரிமுனையில் ஒரு பொம்மைக் கடை. டைகாஸ்ட் கார் டிராப் முடிந்து அரை மணி நேரத்தில் முதலாளியும் இரண்டு பையன்களும் தரையில் உட்கார்ந்து பபிள் ராப் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணே, லிஸ்ட்டை ஒரு தடவை பார்த்துட்டுக் கட்டலாமே" என்றேன். "ஆர்டர் போட்டவன் கஸ்டமர் தம்பி. அவன் யாரா இருந்தா நமக்கு இன்னா?" என்றார். நானே லேப்டாப்பைத் திறந்து பின்கோடு வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

சென்னையில் ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு எண். பழையது 14, புதியது 27. ஒரு ஆர்டரில் 'பழைய எண் 14, புதிய எண் 27'. அடுத்ததில் '27/14'. அதற்கடுத்ததில் '14, மாடி'. ஒன்றில் 'பழைய வண்ணாரப்பேட்டை', இன்னொன்றில் 'ஓல்ட் வாஷர்மென்பேட்', மற்றொன்றில் தெருப் பெயரில் ஒரு எழுத்து கூடுதல். 'ஒரு முகவரிக்கு ஒன்று' என்ற விதி தளத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற விதி, அதன் கண்ணுக்கு இவை எல்லாமே வேறு வேறு வீடுகள். போஸ்ட்மேனிடம் காட்டியிருந்தால் சிரித்திருப்பார். முகவரியை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துப் போடுவதை ரீசேலர்கள் (வாங்கிக் கூடுதல் விலைக்கு மறுபடி விற்பவர்கள்) 'ஜிக்' என்பார்கள். மற்ற ஊர்க்காரன் அதற்கு மெனக்கெட வேண்டும், நம் ஊரில் மாநகராட்சியே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட கார்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகளுக்குப் போகவிருந்தன.

இதைவிட மோசம், பெரும்பாலும் கேஷ் ஆன் டெலிவரி. அதாவது ரீசேலர் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. பார்சல் வருவதற்குள் டெலிகிராமில் விலை பேசிவிடுவான். டெலிகிராமில் வாங்க ஆள் கிடைத்த பார்சலை மட்டும் வாங்கிக்கொள்வான், கிடைக்காததை 'நான் ஆர்டரே போடலையே' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். போன கூரியர் செலவும் திரும்பி வந்த செலவும் கடை தலையில். முதலாளி நான் காட்டியதைக் கேட்கவில்லை, எல்லாவற்றையும் அனுப்பினார். வாரக்கணக்கில் பெட்டிகள் திரும்பி வந்தன, மூலை நசுங்கி. சேகரிப்பவர்கள் அட்டை நசுங்கிய காரைக் கையால் தொட மாட்டார்கள். முதல் நாள் கிடைக்காமல் திட்டிவிட்டுப் போனவர்களும் திரும்பி வரவில்லை.

என்ன செய்ய வேண்டும்? லான்ச்சுக்கு மட்டுமாவது கேஷ் ஆன் டெலிவரியை மூடுங்கள், அல்லது யுபிஐயில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்குங்கள். 'ஒரு வீட்டுக்கு ஒன்று. மீறினால் ஆர்டர் ரத்தாகும், பணம் திரும்ப வரும்' என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் எழுதினால் சண்டைதான். ராத்திரி பட்டியலை எடுத்துப் பின்கோடு, அதற்குள் கதவு எண்ணின் இலக்கங்கள் என்று அடுக்குங்கள். அடுத்தடுத்து வரும் போன் எண்கள், படிவத்தை இரண்டே நொடியில் நிரப்பியவர்கள், புள்ளி மட்டும் மாறும் ஜிமெயில்கள் தனியாகத் தெரியும். ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுக்காது, எங்கே வைத்தாலும் அதே பெட்டிதான். பெரிய இடத்திலும் இப்படித்தான். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு லான்ச் சொதப்பியபோது, அதன் தயாரிப்பாளரான என்விடியா மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆர்டர்களை ஆட்களை வைத்தே சரிபார்த்தது.

ஆனால் ஒரே முகவரி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ரத்து செய்யக் கூடாது. ஒரே கதவு எண்ணுக்குள் ஐந்து குடித்தனம் இருக்கிற ஊர் இது. ஹவுசிங் போர்டு பிளாக்குகளில் பலர் வீட்டு எண்ணை எழுதாமல் பிளாக் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். சந்தேகப்படுகிற சில பேருக்கு மட்டும் போன் போடுங்கள். ஆசைப்பட்டு வாங்கியவர் காரின் நிறம், மாடல் எல்லாம் சொல்லி, எப்போது வரும் என்பார். மற்றவன் "எந்த ஆர்டர்?" என்பான்.

விற்பனையை ஓட்டப்பந்தயமாகவே வைத்திருப்பது

முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதி இருக்கும் வரை பாட்தான் ஜெயிக்கும். வேகம் என்பதையே கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பதிவு, மொபைல் ஓடிபி, அப்புறம் குலுக்கல், பெயர் வந்தவருக்கு 24 மணி நேரம் செல்லுபடியாகும் பணம் கட்டும் இணைப்பு. இதிலும் ஆயிரம் பெயரைப் பதிவு செய்து குவிப்பார்கள். அதற்குப் பழைய வாடிக்கையாளருக்கு முன்னுரிமை கொடுங்கள். 2021 ஜூலையில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியின் முன்பதிவுக்கு, ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 5 டாலர் கட்டணம் வைத்தது. முதல் இரண்டு நாள், அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்கு முன்பே ஸ்டீமில் எதையாவது வாங்கியிருந்த கணக்குகளுக்கு மட்டும்தான் அனுமதி. நேற்றுத் திறந்த கணக்கு எத்தனை இருந்தாலும் பிரயோஜனமில்லை.

ஆதார் கேட்பது

தட்கலுக்கு 2025 ஜூலை 1 முதல் ஆதார் கட்டாயம் என்றால் அது ரயில்வே. முன்பதிவு திறந்த முதல் ஐந்து நிமிட லாகின் முயற்சிகளில் பாதி வரை பாட் என்று அவர்களே சொன்னார்கள். நீங்கள் விற்பது ஜெர்சி. வேண்டாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

அமெரிக்காவின் 2016 பாட்ஸ் சட்டமே நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மட்டும்தான். அனுமதியில்லாமல் டிக்கெட் விற்பதைத் தண்டிக்கும் நம் ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு ரயில் டிக்கெட்டுக்கு மட்டும். உங்கள் ஜெர்சிக்கு இரண்டுமே உதவாது.

ரத்தான சரக்கைச் சத்தமில்லாமல் மறுபடி தளத்தில் ஏற்றுவது

ராத்திரி முழுக்க உட்கார்ந்து நூறு ஆர்டரை ரத்து செய்துவிட்டு, ஸ்டாக்கை நூறு என்று மாற்றிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மனிதர்கள் யாரும் அந்த நேரத்தில் உங்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், கண்காணிக்கிற பாட் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அதே ஆட்களுக்கே அதே கார் திரும்பப் போகும். ஸ்டாக்கைப் பூஜ்ஜியத்திலேயே விட்டுவிட்டு, கிடைக்காமல் பெயர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு தனி இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அந்த இணைப்பு ஒரே தடவைதான் வேலை செய்யும்படி.