பெயிண்ட்பால் மார்க்கருக்குக் காற்று: நான் பணம் கொடுத்துக் கற்ற தவறுகள்

ஓசூரை அடுத்த மாந்தோப்பில் நாங்கள் பெயிண்ட்பால் விளையாடும் இடத்துக்குப் போன ஞாயிறு இரண்டு பையன்கள் புதிதாக வந்தார்கள். மின்னணு மார்க்கர் (சாயக் குண்டு சுடும் துப்பாக்கி), பளபளக்கும் புது ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் விடும் கருவி), பின்னால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். பத்து நிமிடத்தில் குழல் வாயிலிருந்து வெண்பனி கொட்டியது. “ரெகுலேட்டர் போட்டும் ஏன் அண்ணா இப்படி?” என்றான் ஒருவன். எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. முகக்கவசம் போடுங்கள் என்பதையெல்லாம் திடலிலேயே சொல்லிவிடுவார்கள். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரெகுலேட்டர் எல்லாவற்றையும் அடக்கும் என்று நம்புவது

அந்தச் சிலிண்டரில் பெரும்பகுதி திரவம். அதன் மேல் நிற்கும் வாயுவின் அழுத்தம் உங்கள் கையில் இல்லை, வெயிலின் கையில் இருக்கிறது. 21 டிகிரி செல்சியஸில் சுமார் 850 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே மறைந்து, நிரப்பிய அளவைப் பொறுத்து அழுத்தம் எகிறும். ஓசூரின் மார்கழிக் காலையில் வைத்த குண்டின் வேகம் தருமபுரியின் சித்திரை மதியத்தில் நிற்காது.

இதைச் சமப்படுத்தத்தான் மார்க்கர் விலையில் பாதியைக் கொட்டி நானும் ஒரு ரெகுலேட்டர் வாங்கினேன். முதல் ஆட்டம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் பாறைச் சரிவில் குப்புறப் படுத்து, குழலைக் கீழ்நோக்கிச் சாய்த்து விடாமல் சுட்டேன். சிலிண்டர் மேலே, மார்க்கர் கீழே. திரவம் அப்படியே இறங்கியது. ரெகுலேட்டர் வாயுவைத்தான் அளந்து விடும். அதைத் தாண்டி நழுவிய திரவம் அந்தப் பக்கம் போய் ஆவியாகிப் பெருகினால் அது என்ன செய்யும்? குண்டின் வேகம் எகிறி, எதிரே நின்ற நண்பனின் தோளில் நெல்லிக்காய் அளவுக்குத் தடித்துவிட்டது. மாலையில் பிரித்துப் பார்த்தால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஊறின உளுந்துபோல் உப்பி, ஓரத்தில் கொப்புளம் வெடித்திருந்தது. மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வான சொலினாய்டும் கசிந்தது. அதற்கு வேறு செலவு.

மின்னணு மார்க்கருக்கு அழுத்தக் காற்றுதான் சரி. சிலிண்டருக்குள் அது திரவமாவதில்லை. 3000 பி.எஸ்.ஐ. அலுமினியமோ 4500 பி.எஸ்.ஐ. கார்பன் ஃபைபரோ, எதுவானாலும் கழுத்திலேயே ரெகுலேட்டர் உண்டு. சில 800, 850 அளவில் விடும். சில 450 அளவில் விடும். மார்க்கரின் கையேடு எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மின்சுற்று இல்லாத எளிய மார்க்கருக்குக் கார்பன் டை ஆக்சைடு போதும், குழலைக் கவிழ்க்காமல் சுட்டால்.

கொசுறு வாங்குவது

தீயணைப்பான் நிரப்பும் கடை ஒன்றில் “கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறேன்” என்றார்கள். மகிழ்ந்துபோனேன். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில், உச்சி வெயிலில், காரின் பின்பெட்டிக்குள், அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வாயுவை வெளியே விடும் பாதுகாப்புத் தகடு வெடித்தது. கதவுகளைத் திறந்துவிட்டு இறங்கி ஓடினேன். மூடிய காருக்குள் அந்த வாயு மூச்சை அடைத்துவிடும். 20 அவுன்ஸ் சிலிண்டருக்குள் போக வேண்டியது 567 கிராம்தான். வெற்று எடையையும் நிரப்பிய எடையையும் தராசில் நீங்களே பாருங்கள்.

காற்று நிரப்பும் முனையில் எண்ணெய் விடுவது

விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும்.

முதல் குண்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

வேகம் அளக்கும்போது எல்லோரும் படபடவென்று பத்து சுடுகிறார்கள். ஒன்று சுட்டு, ஒரு நிமிடம் சும்மா வைத்து, அடுத்ததைச் சுடுங்கள். அதன் வேகம் மட்டும் எகிறினால் ரெகுலேட்டரின் சீட் (உள்ளே காற்றை அடைக்கும் துண்டு) தேய்ந்து அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்று பொருள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடாதீர்கள், சீட்டை மாற்றுங்கள்.

சிலிண்டரிலிருந்து வால்வைப் பிரித்துவிடுவது

மார்க்கரிலிருந்து சிலிண்டரைத் திருகும்போது வால்வு அங்கேயே தங்கி, சிலிண்டர் மட்டும் கழன்று வரலாம். அப்படிப் பறந்த சிலிண்டர் அமெரிக்காவில் உயிர்களைப் பறித்திருக்கிறது. வால்வையும் சிலிண்டரையும் இணைத்து நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். திருகும்போது கோடு பிளந்தால் கையை எடுத்துவிடுங்கள். என் சிலிண்டர்களில் இருப்பது அக்காள் மகளின் ஊதா நிறம், கேட்காமல் எடுத்தது.