எடிட்டிங் கணினி வாங்குவோர் போட வேண்டிய சேசிஸ் கணக்கு

நாமக்கல்லில் லாரி வாங்குபவர் யாரும் சேசிஸ் எனும் அடிச்சட்டத்தையும் அதன் மேல் கட்டும் பாடியையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சேசிஸ் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வாங்கிய அன்றே முடிவாகிவிடும். பாடியை நான்கு ஆண்டு கழித்துப் பிரித்து வேறு விதமாகக் கட்டிக்கொள்ளலாம். திருமண வீடியோக்களையும் பனியன் கம்பெனிகளின் விளம்பரப் படங்களையும் தொகுக்கக் கணினி வாங்கும் ஸ்டுடியோ உரிமையாளரும் இதே கணக்கைப் போட வேண்டும். ஆனால் கோவையில் நான்கு கடை ஏறி விலைப்பட்டியல் வாங்கி வருபவர்களில் பெரும்பாலோர் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டுமே ஒப்பிடுகிறார்கள்.

விலைக்கு முன்னால் உங்கள் கேமரா எழுதும் கோப்பைப் பாருங்கள். நொடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜி.பி. ஆகும். மாலை வரவேற்பு, இணைச்சீர், முகூர்த்தம் என மூன்று கேமராக்களும் தலா ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரே திருமணத்தில் 1,350 ஜி.பி. சேர்ந்துவிடும். மூன்று கேமராக் காட்சிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க நொடிக்கு 600 மெகாபிட், அதாவது 75 மெகாபைட் போதும் என்பதால், 550 மெகாபைட் வேகமுள்ள, சாட்டா இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்.எஸ்.டி. வட்டே தாராளம். ஆகவே புதிய தலைமுறை எஸ்.எஸ்.டி.யின் வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அதே பணத்தில் கொள்ளளவை உயர்த்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எடிட்டிங்கில் படம் தடுக்கித் தடுக்கி ஓடுவதற்கு வட்டைவிடப் பெரிய காரணம் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக எழுதும் முறை. இன்றைய கேமராக்கள் பலவும் எச்.265 என்ற கோடெக்கில், வண்ண விவரம் கூடுதலாக உள்ள 4:2:2 10 பிட் முறையில் பதிவு செய்கின்றன. இந்தக் கோப்பை வன்பொருளின் துணையோடு விரித்துக்காட்டும் திறன் இன்டெல் பிராசசர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கு 11ஆம் தலைமுறையிலிருந்தே உண்டு. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளிலோ 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசர்களில் அந்தக் கிராபிக்ஸ் பகுதியே இருக்காது. "தனியாகக் கார்டு போடுகிறீர்களே, இது எதற்குங்க?" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடு எஃப் வகையைக் கொடுப்பார், விலையும் கொஞ்சம் குறையும், நமக்கு வேண்டிய வசதியும் அதோடு போய்விடும்.

சாக்கெட் (மதர்போர்டில் பிராசசரைச் செருகும் இடம்) நீண்ட நாள் மாறாத போர்டாக வாங்கினால், பின்னால் பிராசசரை மட்டும் மாற்றி மேம்படுத்திக்கொள்ளலாம் என்ற வழக்கமான அறிவுரை இங்கேதான் சிக்கலாகிறது. சாக்கெட்டின் ஆயுளை மட்டும் பார்த்தால் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. பக்கம் சாய வேண்டும்: 2022இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட் 12 முதல் 14 வரையான தலைமுறைகளோடு முடிந்து, 2024இல் வேறு சாக்கெட் வந்துவிட்டது. ஆனால் ஏ.எம்.5 பிராசசர்களின் உள் கிராபிக்ஸ் 4:2:2 கோப்பை விரிக்காது, ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக் கார்டையும் சேர்த்தே வாங்க வேண்டிவரும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போர்டு வாங்கியவர்களில், உண்மையிலேயே பிராசசரை மட்டும் கழற்றி மாற்றியவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். ஸ்டுடியோக்களில் மாறுவது ரேம், வட்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகிய மூன்றும்தான். ஆகவே சாக்கெட்டின் ஆயுளை ஒரு கொசுறாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக இன்றைய வேலையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சேசிஸ் என்று நான் எண்ணுவது மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினட் ஆகிய மூன்றையும். போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்டும், எஸ்.எஸ்.டி. செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டு மூன்றும் இருக்க வேண்டும். கார்டு செருகும் இரண்டாவது பெரிய ஸ்லாட் பார்வைக்கு முதல் ஸ்லாட்டைப் போலவே இருந்தாலும், பல போர்டுகளில் அதன் வேகம் கால் பங்குதான் என்பதைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டி.டி.ஆர்.5 ரேமில் நான்கு துண்டுகள் செருகினால் வேகம் குறைவதால், 16 ஜி.பி.யில் நான்கு வாங்காமல் 32 ஜி.பி.யில் இரண்டு வாங்குவது நல்லது. ரேம் விலை நாளாக நாளாக இறங்கும் என்ற நம்பிக்கையை 2025இன் இறுதியில் ஏறிய விலை உடைத்துவிட்டதால், தேவையான அளவை முதலிலேயே போட்டுவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டில் உள்ள நினைவகத்தைப் பின்னால் கூட்டவே முடியாது. 4கே வேலைக்கு 8 ஜி.பி.யில் நிற்காமல் 12 அல்லது 16 ஜி.பி. உள்ள கார்டைப் பாருங்கள்.

பவர் சப்ளையில் என் சொந்தப் பாடம் ஒன்று உண்டு. நேரில் வந்து சரிசெய்து தரும் வாரண்டிக்கு ஆசைப்பட்டு, முன்பு ஒரு நிறுவனத்தின் தயார்நிலைக் கணினியை வாங்கினேன். மூன்றாம் ஆண்டு பெரிய கார்டு போடத் திறந்தபோது பவர் சப்ளையின் வாட் போதவில்லை. அதன் இணைப்பு முனைகள் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருந்ததால் வெளியில் கிடைக்கும் எதுவும் பொருந்தவில்லை. தயார்நிலைக் கணினி வேண்டாம் என்று சொல்லவில்லை. தாலி கட்டும் காட்சியை மறுநாளே கொடுக்க வேண்டியவருக்கு அந்த வாரண்டி பெரிய பலம். ஆனால் அதை வாங்குபவர் மேம்படுத்தும் கணக்கைப் போடாமல், வாரண்டி முடியும்வரை ஓட்டி விற்றுவிடும் கணக்கைப் போட வேண்டும். ஆப்பிள் கணினிகளுக்கும் இதே கணக்குதான். 2019 மேக் ப்ரோவில் ரேமையும் கார்டையும் மாற்ற முடிந்தது. 2023இல் எம்2 அல்ட்ராவுடன் வந்த மேக் ப்ரோவில் ஸ்லாட்டுகள் இருந்தும் இரண்டுக்கும் வழியில்லை. ஆப்பிளின் இப்போதைய கணினிகள் 4:2:2 கோப்புகளைச் சரளமாக ஓட்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

செலவை ஒரு திருமணத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 40 திருமணம் செய்பவர் 2,00,000 ரூபாய்க் கணினியை எதுவும் மாற்றாமல் 4 ஆண்டு ஓட்டினால், திருமணம் ஒன்றுக்கு 1,250 ரூபாய் விழும். 1,40,000 ரூபாயில் நல்ல சேசிஸோடு தொடங்கி, மூன்றாம் ஆண்டு 45,000 ரூபாய்க்குக் கார்டு மாற்றி 5 ஆண்டு ஓட்டினால் 925 ரூபாய்தான். இந்தக் கணக்கில் யு.பி.எஸ்.ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். கணினிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதால், பதிவு பெற்ற ஸ்டுடியோக்கள் அதைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் (வரிவரவு) வகையில் தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேட்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் தனித்தனியாக இருந்தால்தான் பின்னால் வாரண்டி கேட்பது எளிது.

வாங்குவதையும் பாகம் மாற்றுவதையும் ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மண்டபங்கள் காலியாக இருக்கும். பழைய திருமணம் ஒன்றின் கோப்புகளைப் புதிய கணினியில் ஏற்றி முழுதாக ஒருமுறை ரெண்டர் செய்து (இறுதி வீடியோவாக எடுத்து) பார்க்க நேரமும் இருக்கும். அந்தச் சோதனை முடிந்து ஒரு வாரமாவது ஆகும்வரை பழைய கணினியை விற்காதீர்கள்.