ரோண்டோ நடத்துவது எப்படி: கார்டியோலா ஆடிய, ஆட வைத்த பயிற்சி

பெப் கார்டியோலா கால்பந்து ஆடிய காலத்தில் வேகமான ஆள் இல்லை. முட்டி மோதிப் பந்தைப் பறிக்கும் உடல்வாகும் இல்லை. ஆனாலும் 1990 முதல் 2001 வரை பார்சிலோனாவின் நடுக்களம் அவரைச் சுற்றித்தான் இயங்கியது. பந்து காலுக்கு வந்து சேருமுன்பே அடுத்த பாஸ் யாருக்கு என்று முடிவு செய்துவிடுவார் என்பதே காரணம். 13 வயதில் பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிக்கூடமான லா மாசியாவுக்குப் போன பையனுக்கு இதைப் பழக்கியதில் ரோண்டோவுக்குப் பெரிய பங்குண்டு: சுற்றி நிற்பவர்கள் பந்தைத் தங்களுக்குள் பாஸ் செய்ய, உள்ளே இருப்பவர்கள் பறிக்கப் பார்ப்பார்கள். யோஹான் க்ரைஃப் பயிற்சியாளராக இருந்த நாட்களில் அங்கே தினமும் நடந்த பயிற்சி அது. பிறகு கார்டியோலா பயிற்சியாளர் ஆனபோது போன ஊருக்கெல்லாம் அதையே எடுத்துப் போனார்.

பலர் ரோண்டோவை உடம்பைச் சூடாக்கும் விளையாட்டாக, சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடம் ஆடி முடித்துவிடுகிறார்கள். அளவும் விதியும் இல்லாமல் ஆடினால் அதில் கற்க ஒன்றுமில்லை.

களம்

பக்கத்துக்கு ஒருவராக நால்வர் வெளியே, இருவர் உள்ளே என்பதிலிருந்து தொடங்குங்கள். 8 மீட்டருக்கு 8 மீட்டர் சதுரம்; பெரியவர் நடையில் ஏறக்குறைய பத்து எட்டு. மூலைக்கு ஒன்றாக நான்கு கோன், உள்ளே இருப்பவர்களுக்கு வேறு நிற பனியன், கைவசம் ஆறு பந்து. வெளியே போன பந்தை எடுக்க ஆள் ஓடினால் பயிற்சியின் வேகம் செத்துவிடும் என்பதால் பந்து எண்ணிக்கையில் சிக்கனம் வேண்டாம். 12 வயதுக்குக் கீழே 4-ஆம் எண் பந்து, மற்றவர்களுக்கு 5-ஆம் எண். ஆட்ட விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை இருக்கலாம். கெட்டியான மண் தரையில் கீழ் அளவை ஒட்டியே வையுங்கள். இல்லையென்றால் பந்து துள்ளும், வீரர்கள் பாஸைவிடத் துள்ளலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புல் தரையென்றால் ஆடுமுன் தண்ணீர் தெளித்துவிடுங்கள். காய்ந்த புல்லில் பந்து தேங்கும்.

சதுரத்தின் அளவுதான் முழுப் பயிற்சியையும் தீர்மானிக்கிறது. ஐந்து பாஸுக்குள் பந்து திரும்பத் திரும்பப் பறிபோனால் ஒரு மீட்டர் கூட்டுங்கள். பதினைந்து பாஸுக்கு மேல் சுலபமாகப் போனால் ஒரு மீட்டர் குறையுங்கள். அகலம் மிகுந்தால் உள்ளே இருப்பவர்கள் ஓடி அலுத்து நின்றுவிடுவார்கள், நெருக்கடியே இருக்காது. மிகவும் சிறிதானால் யோசிக்க நேரமில்லாமல் குதிகாலால் தட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

ஆட்டம்

ஆளுக்கு இரண்டு டச், அதாவது பந்து வந்தால் இரண்டு முறைதான் தொடலாம். ஒரு ஜோடி இரண்டு நிமிடம் உள்ளே, பிறகு அடுத்த ஜோடி. மூன்று ஜோடியும் உள்ளே போய் வந்தால் ஒரு சுற்று. இரண்டு சுற்று, இடையிடையே அரை நிமிட ஓய்வு என்றால் கால் மணி நேரத்தில் முடியும். தவறவிட்டவர் உள்ளே போவது பழைய வழக்கம், போட்டி மனப்பான்மைக்கு அது நல்லதுதான். ஆனால் கற்றுக்கொள்ளும் அணியில் வேண்டாம். பாஸ் சரியாக வராத பையன் முக்கால்வாசி நேரம் உள்ளேயே ஓடிக்கொண்டிருப்பான். எவனுக்குப் பாஸ் பழக்கம் அதிகம் தேவையோ அவனுக்குத்தான் குறைவாகக் கிடைக்கும்.

இனி, நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு நொடி. பந்து தெற்குப் பக்கத்து ஆளிடமிருந்து கிழக்குப் பக்கத்து ஆளுக்கு வருகிறது. கிழக்கு ஆள் பந்தை நோக்கி முழுதாகத் திரும்பி நின்றால் வடக்கு ஆள் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறார். மிச்சமிருப்பது பந்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது மட்டும். அவர் சதுரத்தின் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். இடப்பக்கமிருந்து வரும் பந்தை உடலுக்குக் குறுக்கே ஓடவிட்டு, தூரத்துக் காலான வலது காலின் உட்பக்கத்தால் வாங்க வேண்டும். பாய்ந்து வருபவர் இடது கால் பக்கம் வந்து சேரும்போது பந்து வலப்பக்கம் போயிருக்கும். வடக்கும் மேற்கும் கண்ணெதிரே இருக்கும். ஒரு டச்சில் ஒரு ஆளைக் கடந்தாயிற்று.

இதற்கு முன்பே பார்க்கும் பழக்கம் வேண்டும். பந்து தெற்கு ஆளை நோக்கி உருண்டுகொண்டிருக்கும்போதே கிழக்கு ஆள் தலையைத் திருப்பி வடக்கையும் மேற்கையும் பார்த்துவிட வேண்டும். பார்க்கிறாரா என்று சோதிக்க, வடக்குப் பக்கத்துக்குப் பின்னால் நின்று விரல்களை உயர்த்துங்கள். பந்தை வாங்குமுன் எத்தனை விரல் என்று அவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் தடுமாறுவார்கள், விடாதீர்கள்.

பந்தில்லாதவர்கள் பக்கத்தின் நடுவில் கம்பம் போல நிற்பது அடுத்த பெரிய கோளாறு. நேர்க்கோட்டில் ஒரு எதிராளி நின்றாலே அவருக்குப் பாஸ் கிடையாது. ஒவ்வொரு பாஸுக்கும் கோட்டோரமாக ஓரிரு மீட்டர் நகர்ந்து வழி காட்ட வேண்டும்.

புள்ளி எதற்கு? உள்ளே இருக்கும் இருவருக்கும் நடுவே எதிர்ப்பக்கம் போகும் பாஸுக்கு ஒரு புள்ளி. போட்டியில் எதிரணியின் வரிசையை உடைக்கும் பாஸ் இதுதான். அந்த வழி அடைபட்டால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டும்: தெற்கிலிருந்து வடக்குக்கு நேராக முடியவில்லை, எனவே தெற்கிலிருந்து கிழக்கு, அங்கிருந்து ஒரே டச்சில் வடக்கு. வடக்கு ஆள் நகரத் தொடங்க வேண்டியது பந்து தெற்கு ஆளின் காலை விட்டுக் கிளம்பும்போது. கிழக்கைச் சேர்ந்த பிறகு நகர்ந்தால் அரை நொடி தாமதம், வழி மூடிவிடும்.

உள்ளே இருப்பவர்களுக்கும் பாடம் உண்டு. ஒருவர் பந்தை நெருக்க, மற்றவர் நடு இடைவெளியை மூட வேண்டும். இருவரும் ஒரே ஆளைத் துரத்தினால் இருவரும் வீண். பறித்து, சதுரத்துக்கு வெளியே பந்தைக் கொண்டுபோனால் அவர்களுக்குப் புள்ளி. அதைத் தடுக்க வெளியே இருக்கும் நால்வருக்கும் ஐந்து நொடி. கார்டியோலா பயிற்சியாளரான 2008-க்குப் பிந்தைய பார்சிலோனா இழந்த பந்தை உடனே மீட்டதன் அடிப்படை இங்கே இருக்கிறது. குறுகிய பாஸ் ஆடுபவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். பந்து போன நொடியில் சூழ்ந்துகொள்ள ஆள் தயாராக இருக்கும். பாஸ் பயிற்சி வேறு, பறிக்கும் பயிற்சி வேறு என்று பிரிப்பவர்கள் பாதியை இழக்கிறார்கள்.

நடுவில் ஒருவர்

நால்வருக்கு நால்வர், கூட எந்த அணிக்கும் சேராத மூவர். களம் 20 மீட்டருக்கு 15. பந்து வைத்திருக்கும் அணி நீளப் பக்கங்களில் இருவர் இருவராக நிற்கும், எதிரணி நால்வரும் உள்ளே. பொதுவான மூவரில் இருவர் குறுகிய பக்கங்களில், ஒருவர் நட்ட நடுவில். மூவரும் எப்போதும் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆடுவார்கள். பந்து பறிபோனால் அணிகள் இடம் மாறும். நான்கு நிமிடமாக நான்கு முறை போதும்.

அந்த நடு இடம்தான் க்ரைஃப் அணியில் கார்டியோலா ஆடிய இடம். 2007-இல் நான்காம் நிலைப் பிரிவில் இருந்த பார்சிலோனாவின் இரண்டாம் அணியான பார்சிலோனா பி-யை ஏற்று, அந்தப் பருவத்திலேயே மேலே ஏற்றினார். அங்கே அவரிடம் ஆடிய செர்ஜியோ புஸ்கெட்ஸை அடுத்த ஆண்டு முதல் அணியின் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பருவம் லா லிகா, கோப்பா டெல் ரே, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் கிடைத்தன. பிறகு பயிற்சியாளராகப் போன பயர்ன் மியூனிக்கில் வலது பின்கள வீரர் ஃபிலிப் லாமை அங்கே ஆட வைத்தார். அதன்பின் அவர் பயிற்றுவித்த மான்செஸ்டர் சிட்டிக்காக 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஒரே கோலை அடித்த ரோட்ரியும் அந்த இடத்துக்காரர்தான். ஆகவே ஓடத் தெரிந்தவரை அங்கே நிறுத்தாதீர்கள். நான்கு பக்கமும் திரும்பிப் பார்ப்பவரை நிறுத்துங்கள். பந்தின் பின்னாலேயே அலையக்கூடாது, எதிராளியின் முதுகுப் பக்கம் நின்று இடைவெளியில் தோன்ற வேண்டும் என்பதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

முழு மைதானத்துக்கு

மியூனிக்கில் கார்டியோலா பயிற்சி மைதானத்திலேயே கோடுகள் போட வைத்தார். நீங்களும் சுண்ணாம்பால் போடலாம். பெனால்டி பெட்டியின் இரு பக்கக் கோடுகளையும், அதற்குள்ளிருக்கும் சிறு பெட்டியின் இரு பக்கக் கோடுகளையும் எதிர் கோல் வரை நீட்டுங்கள். 68 மீட்டர் அகல மைதானத்தில் ஐந்து பட்டை கிடைக்கும்: ஓரங்கள் 13.84 மீட்டர், அடுத்தவை 11 மீட்டர், நடு 18.32 மீட்டர். ஒரே பட்டையில் நீளவாக்கில் இருவருக்கு மேல் நிற்கக்கூடாது. குறுக்குவாக்கில் ஒரே வரிசையில் மூவருக்கு மேல் கூடாது. ஓர வீரர் உள் பட்டைக்கு வந்தால் பின்கள வீரர் ஓரத்துக்குப் போவார். ஓர வீரர் ஓரத்திலேயே நின்றால் பின்கள வீரர் உள்ளே வருவார். பின்கள வீரர்களான அலாபாவும் லாமும் மியூனிக்கில் செய்தது இது.

முதலில் எதிரணி இல்லாமல் பத்து நிமிடம் நடையிலேயே ஆட வையுங்கள். யாராவது கோட்டைத் தாண்டியவுடன் விசில் ஊதி எல்லோரையும் அப்படியே நிறுத்துங்கள். எந்தப் பட்டை காலி என்று பந்து வைத்திருப்பவரிடமே கேளுங்கள். அவர் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்து பதில் தெரியாமல் விழித்தால், மறுநாள் அவருக்கு 8 மீட்டர் சதுரமும் விரல் எண்ணும் வேலையும்தான்.