ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட டம்ளர்கள்

எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவி ஈரத்தோடு அடுக்கி வைத்தால், காலையில் காபி ஆற்றும் அவசரத்தில்தான் இரண்டு சேர்ந்து இறுகிக்கொண்டு வம்பு பண்ணும். தரையில் தட்டினால் விளிம்பு நசுங்குவதுதான் மிச்சம். நானும் அப்படி இரண்டு நல்ல டம்ளர்களைக் கெடுத்திருக்கிறேன்.

உள்டம்ளர் நிறைய ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியே ஒரு கிண்ணம் வெந்நீரில், வெளிடம்ளர் முக்கால்வாசி முங்கும்படி நிறுத்துங்கள். உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அரை நிமிடத்தில் துணியால் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள், கழன்றுவிடும். ரொம்ப நேரம் விட்டால் உள்டம்ளரும் சூடாகிவிடும், அப்புறம் பலனில்லை. அடம்பிடித்தால் இடுக்கில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு மறுபடி முயலலாம்.

கண்ணாடி டம்ளர் என்றால் ஐஸும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம், விரிசல் விடும். குளிர்ந்த தண்ணீரும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

திறக்க வராத ஊறுகாய் பாட்டிலுக்கும் இதே வழிதான். தகர மூடியை மட்டும் சிறிது நேரம் வெந்நீரில் காட்டித் திருகுங்கள்.