நின்று நின்று ஓடும் ஃபிரிட்ஜ்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஃபிரிட்ஜ் ஒரேயடியாக நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அப்படியில்லை. ராத்திரி நின்றிருக்கும், விடிந்தால் தானாக ஓடிக்கொண்டிருக்கும். மெக்கானிக் வந்தால் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் உறுமிக்கொண்டு நிற்கும். இப்படியே மூன்று வாரம் ஆட்டம் காட்டியது. நடுவில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயை வேறு மாற்றினோம். தண்டச் செலவு.

அது நின்றதும் முதலில் செய்ய வேண்டியது, கதவைத் திறந்து உள்விளக்கைப் பார்ப்பது. விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது, கம்ப்ரசர் மட்டும் ஓடவில்லை என்று அர்த்தம். அது கோளாறாகவே இல்லாமலும் இருக்கலாம். குளிர் போதும் என்று தெர்மோஸ்டாட் நிறுத்தியிருக்கும். பனி கட்டாத வகை ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே படிந்த பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் நேரத்தில் அரை மணி நேரம்வரை சும்மா இருக்கும். ஆனால் கம்ப்ரசர் சில நொடி முனகி, ‘டக்’கென்று அடங்கி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகினால், சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் ‘ஓவர்லோடு’ என்ற பாகம் அதை நிறுத்துகிறது. ரிலே போயிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், பின்பக்கக் கம்பிகளில் தூசி அடைத்திருக்கலாம்.

விளக்கும் எரியவில்லையா? பல்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றால், தேடலை ஃபிரிட்ஜுக்கு வெளியே தொடங்குங்கள்.

நாம் தூங்கும்போது நிற்பதை எப்படிப் பிடிப்பது? பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓடும் டிஜிட்டல் கடிகாரம் ஒன்று போதும், கரண்ட் போய் வந்தால் 12:00 என்று மினுக்குமே, அந்த வகை. அதை அதே போர்டில் பக்கத்து பாயின்டில் செருகி வையுங்கள். ஃபிரிட்ஜ் நின்ற சமயத்தில் கடிகாரமும் மினுக்கினால், கரண்ட் போர்டுக்கே வரவில்லை. கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது, ஃபிரிட்ஜ் மட்டும் நின்றிருக்கிறது என்றால், சாக்கெட், பிளக், ஒயர், ஸ்டெபிலைசர் இவற்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் விளக்குகளைக் கவனியுங்கள். வோல்டேஜ் எல்லை தாண்டினால் அது கரண்டை வெட்டும். வோல்டேஜ் சரியான பிறகும் சில நிமிடம் கழித்துத்தான் விடும். அதைப் பழுது என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

மெயினில் எர்த் கசிவுக்கான சுவிட்ச் டிரிப் ஆகிறதென்றால் டிஃப்ராஸ்ட் ஹீட்டரில் ஈரம் இறங்கியிருக்கலாம். அந்த சுவிட்ச் தானாக மேலே ஏறாது. அதனால் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் தூக்கி விடுகிறார்களா என்று விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவை இரண்டு நாள் சந்தேகப்பட்டேன், பாவம்.

எங்கள் கடிகாரம் ஒருநாளும் தவறவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகியிருந்தது. கருகல் வாடையும் இருந்தது. சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்விப் பிடிக்கும் தகடு தளர்ந்துவிட்டது. பிடி தளர்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். கம்ப்ரசர் நிற்கும்போது ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்குமே, அந்த ஆட்டத்தில் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்கும் வந்ததும் கதவைத்தானே திறந்து மூடிப் பார்க்கிறார்!

பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுவது வீண் வேலை. சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜ் என்றால் அதற்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டைத் தொடவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். ஃபிரிட்ஜை மறுபடி போடுமுன் ஐந்து நிமிடமாவது விடுங்கள், கம்ப்ரசர் சிரமமில்லாமல் கிளம்பும்.

அப்புறம், சாப்பாட்டு விஷயம். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். எத்தனை நேரம் நின்றதென்றே தெரியாதே என்றால், ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். அது அடியில் கிடந்தால் எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சாக்கெட் மாற்றிய பிறகும் எங்கள் டம்ளரை நான் எடுக்கவில்லை. இன்று காலை பார்த்தபோதும் நாணயம் மேலேதான் இருந்தது.