மரக்கதவின் மல்டிபாயிண்ட் லாக் இறுகிவிட்டதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

கைப்பிடியைத் தூக்கிச் சாவியைத் திருப்பினால் கதவின் விளிம்பில் பல இடங்களில் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டுதான் மல்டிபாயிண்ட் லாக். இங்கிலாந்தில் இந்தப் பூட்டுப் போட்ட மர முன்கதவு உள்ள வீடுகளில் அக்டோபர் தாண்டி ஈரம் ஏற ஆரம்பித்ததும் இந்தத் தொல்லை தலைகாட்டும். கைப்பிடியை மேலே தூக்கினால் பாதியில் நிற்கும், சாவி திரும்ப மறுக்கும், தோளைக் கொடுத்துக் கதவை அழுத்திக்கொண்டே தூக்கினால்தான் பூட்டும். உடனே எல்லோரும் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அதிகம் செலவு வைக்கும் தவறு அதுதான்.

கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஓடும் உலோகப் பட்டைக்குப் பின்னால், கைப்பிடிக்கு நேராக ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கியர்பாக்ஸ் என்பார்கள். கைப்பிடியின் சதுரத் தண்டு அதற்குள் திரும்பும்போது மேலும் கீழும் உள்ள கொக்கிகள், உருளைகள் எல்லாம் ஒன்றாக நகர்கின்றன. அவற்றில் ஒரு கொக்கி, நிலைச்சட்டத்தில் உள்ள தகட்டில் முட்டினாலும் போதும், நீங்கள் கொடுக்கிற பலம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன வார்ப்புத் துண்டின் மேல் விழும். தினமும் இரண்டு மூன்று முறை இப்படி விழுந்தால் ஒருநாள் அது உடையும். கதவு பூட்டியிருக்கும்போது உடைந்தால் கையில் சாவி இருந்தும் உள்ளே போக முடியாது.

அடுத்த தவறு, கோளாறு எங்கே என்று பார்க்காமலேயே பூட்டைக் கழற்ற ஆரம்பிப்பது. முதலில் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுக் கைப்பிடியைத் தூக்குங்கள், சாவியைத் திருப்புங்கள். திறந்த நிலையில் எல்லாம் சுலபமாக ஓடி, மூடினால் மட்டும் இறுகுகிறது என்றால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. கதவும் நிலையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை, அவ்வளவுதான். மரக்கதவில் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். (கொக்கிகள் வெளியே நீட்டியிருக்கும்போது காற்றில் கதவு அடித்துச் சாத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடித்தால் கொக்கியும் வளையும், நிலையும் பிளக்கும்.) திறந்திருக்கும்போதே இறுக்கமாக இருந்தால்தான் பூட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் நேரே கியர்பாக்ஸுக்குப் போகாதீர்கள். கைப்பிடியை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் திருகுகளையும், சாவி நுழையும் பாகமான சிலிண்டரைப் பட்டையின் வழியாகப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகையும் அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். அளவுக்கு மீறி முடுக்கியிருந்தாலே கைப்பிடியும் சாவியும் சிக்கும். சிலிண்டரை வெளியே எடுத்த பிறகு கைப்பிடி சரளமாக வேலை செய்தால் கோளாறு சிலிண்டரில். எடுத்த பிறகும் இறுகினால் அப்போது கியர்பாக்ஸ்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் எது கிறீச்சிட்டாலும் கை தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குத்தான் போகும். ஊரில் அது ஓரளவு ஒப்பேறலாம். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும், இங்கிலாந்துக் குளிர்காலத்தில் முன்கதவு அதைவிட எவ்வளவோ குளிர்ந்து கிடக்கும். சாவித் துவாரத்தில் விட்ட எண்ணெய் உள்ளேயே கட்டியாகி, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்பைவிட மோசமாக்கும். சமையல் எண்ணெய் எதுவுமே வேண்டாம். டபிள்யூடி-40யின் வழக்கமான நீலக் குப்பியும் சிலிண்டருக்கு ஏற்றதில்லை. 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட கலவை அது. அடித்தவுடன் சாவி நன்றாகத் திரும்புவதுபோல் இருக்கும், பிறகு மறுபடி இறுகும். சிலிண்டருக்குக் காய்ந்த தன்மையுள்ள பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரே அல்லது கிராஃபைட் தூள், இரண்டில் ஒன்று போதும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட துவாரத்தில் கிராஃபைட்டைப் போட்டால் சேறாகிவிடும். கொக்கிகளுக்கும் உருளைகளுக்கும் மெல்லிய கிரீஸைக் கொஞ்சம் தடவலாம்.

இனி இழைப்புளி. கதவு உரசுகிறது என்றதும் ஈர நாளிலேயே விளிம்பை இழைத்துவிடுவது மரக்கதவுக்குச் செய்யும் பெரிய கெடுதல். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது இழைக்குக் குறுக்கே, அதாவது அகலவாக்கில், உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கும். ஜனவரியில் 3 மில்லிமீட்டர் இழைத்துத் தள்ளிவிட்டு ஜூலையில் பார்த்தால் இடைவெளி அகன்று காற்று வரும், கொக்கி தகட்டுக்குள் போதுமான அளவு நுழையாது. இழைத்தே ஆக வேண்டுமென்றால் வறண்ட பருவத்தில் கொஞ்சமாக இழைத்து, அன்றே அந்த இடத்துக்கு வார்னிஷோ பெயின்டோ அடித்துவிடுங்கள். பச்சையாக விட்ட மரம் அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாக உப்பும். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் யாரும் கவனிப்பதில்லை. பல கதவுகளில் அங்கே பெயின்டே பட்டிருக்காது, செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது, ஈரம் ஏறுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இழைப்பதற்கு முன்பு கீல்களைப் பாருங்கள். கதவைச் சாத்திச் சுற்றிலும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 1 பவுண்டு நாணயம் 2.8 மில்லிமீட்டர் தடிமன், அது சுற்றிலும் நுழையும் அளவு இருந்தால் நல்லது. பூட்டுப் பக்கம் மேல் மூலையில் நெருங்கியும், கீல் பக்கம் மேலே அகன்றும் இருந்தால் கதவு தொங்கியிருக்கிறது, அதாவது மேல் கீலின் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. கனமான மரக்கதவில் இது சாதாரணம். முடுக்கினால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், துவாரத்தில் பசை தடவிய மரக்குச்சியை அடைத்து, காய்ந்த பிறகு முடுக்குங்கள், அல்லது இன்னும் நீளமான திருகு போடுங்கள். பிளாஸ்டிக் கதவுகளுக்கான வீடியோவைப் பார்த்துவிட்டு ஆலன் சாவியோடு (அறுகோணக் குழியுள்ள திருகுகளைத் திருப்பும் கருவி) வந்து நிற்பதில் பலனில்லை, பெரும்பாலான மரக்கதவுகளின் கீல்களில் அப்படித் திருப்பிச் சரிசெய்ய எதுவும் இருக்காது.

கீல் சரியாக இருந்தும் இறுகினால், கொக்கிகளின் மேல் சாக்பீஸைத் தேய்த்து, கதவை மூடி, போகும் அளவுக்கு மட்டும் கைப்பிடியைத் தூக்கி, மறுபடி திறந்து பாருங்கள். தகட்டில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. சிலர் கொக்கியை அரத்தால் தேய்ப்பார்கள். கூடவே கூடாது, பூட்டின் உறுதியே அந்த எஃகில்தான் இருக்கிறது. நகர்த்த வேண்டியது தகட்டை. சில தகடுகளிலும் உருளைகளிலும் திருப்பிச் சரிசெய்யும் ஏற்பாடு உண்டு, இல்லாவிட்டால் தகட்டைக் கழற்றி, உளியால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செதுக்கி மறுபடி பொருத்தலாம். புதிதாகக் காற்றுத் தடுப்புப் பட்டை ஒட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் எதையும் செதுக்காமல் மெல்லிய பட்டைக்கு மாறுங்கள்.

கியர்பாக்ஸ்தான் போய்விட்டது என்று உறுதியானாலும் முழுப் பூட்டையும் வாங்கத் தேவையில்லாமல் போகலாம், பல மாடல்களில் நடுப்பெட்டி தனியாகவே கிடைக்கும். உத்தேசமாக ஒன்றை வாங்கி வந்து கதவைக் குடையாதீர்கள். பட்டையில் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு, பட்டையின் அகலம், கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடித் தண்டின் மையம் வரையுள்ள தூரம், தண்டின் மையத்திலிருந்து சாவித் துவாரத்தின் மையம் வரையுள்ள தூரம் (பெரும்பாலும் 92 மில்லிமீட்டர், ஆனால் அளந்தே பாருங்கள்), மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். சிலிண்டரை மாற்றினால் அது வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது, துருத்தும் முனையைப் பிடித்து முறித்துத்தான் திருடர்கள் உள்ளே வருகிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இழைப்புளியையும் உளியையும் தொடுவதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். அங்கே பொதுவழியைப் பார்த்து நிற்கும் வீட்டுக் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவாக இருக்கும். அதன் விளிம்பில் சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை பதிந்திருக்கும், இழைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.